தொப்பை விழுந்த போர்க்கப்பல்

ஓசூர் பாகலூர் சாலையில், டயர் பஞ்சர் ஒட்டும் கடைக்கு மேல்மாடியில் இருந்தது பவளம் புலனாய்வு நிலையம். கீழே கம்ப்ரசர் ஓடும்போதெல்லாம் மேலே பேச்சை நிறுத்திவிட்டு, அது ஓய்ந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டும். வந்தவர்கள் யோசித்துப் பேச அது உதவுகிறது என்பது பவளத்தின் கட்சி. பாதியில் எழுந்து ஓடத்தான் உதவுகிறது என்பது அவருடைய உதவியாளன் சிவராஜின் கட்சி.

பவளத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. தூத்துக்குடிப் பெண்மணி. ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் தரப் பரிசோதகராக இருந்துவிட்டு, மனிதர்களையும் அதே கண்ணோடு பரிசோதிக்கலாமே என்று இந்தத் தொழிலுக்கு வந்தவர். சிவராஜ் கிருஷ்ணகிரிக்காரன். கால் டாக்ஸி ஓட்டியவன். பயணிகளிடம் வாயைக் கொடுத்து வாங்கிக்கட்டிய ஒற்றை நட்சத்திர மதிப்பெண்கள் அவனை இங்கே கொண்டுவந்து சேர்த்திருந்தன.

அன்று காலை எதிரே உட்கார்ந்திருந்த காவேரி, கம்ப்ரசர் மூன்று முறை குறுக்கிட்டும் எழுந்து போகவில்லை. அதிலேயே சிவராஜுக்கு அவள் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

"என் வூட்டுக்காரர் போயி ஒம்பது நாளாச்சும்மா" என்றாள் காவேரி. "கெலமங்கலம் ரோட்டுல, வேலை முடிஞ்சு வரும்போது, வண்டிய ஓரங்கட்டி போன்ல பேசிட்டு நின்னாராம். பின்னால வந்த வண்டி அடிச்சிட்டுப் போயிடுச்சு. எந்த வண்டின்னு தெரியலன்னு போலீஸ்ல சொல்லிட்டாங்க. அதுகூடப் போவட்டும். அவர் சட்டைப்பையில இந்தச் சீட்டு இருந்துச்சு. இத வச்சிக்கிட்டு, உன் வூட்டுக்காரர் நம்பர் சூதாட்டம் ஆடினவரு, அந்த ஆளுங்க சகவாசத்துல ஏதோ ஆயிருக்கும்னு பேசறாங்க. தெருவெல்லாம் பரவிடுச்சு. எம்பொண்ணு பள்ளிக்கூடம் போவமாட்டேங்கறா."

"உங்க வீட்டுக்காரரு பேரு?"

"கங்கப்பன். தச்சு வேலை."

அவள் நீட்டிய செல்போனில் சீட்டின் படம் இருந்தது. நான்கே வரிகள். முதல் வரியில் நாலு, ஒரு கோடு, குறுக்கே வெட்டிய பூஜ்யம், நூற்று முப்பது. அடுத்ததில் ரெண்டு, வெட்டிய பூஜ்யம், முப்பத்தேழு. அதற்கடுத்து ஆறு, வெட்டிய பூஜ்யம், ஐநூற்றைம்பது. கடைசி வரியில் பூஜ்யம் எதுவும் இல்லாமல் நூற்றேழு, பத்து. அந்தக் கடைசி வரியை மட்டும் யாரோ பென்சிலால் சுற்றி வட்டமிட்டிருந்தார்கள்.

"அடிச்ச பூஜ்யம்னா தோத்த ஆட்டமாம்" என்றாள் காவேரி. "அந்த எஸ்.ஐ. சொன்னாரு."

"அவருக்கு அந்த ஆட்டத்துல நல்ல தேர்ச்சி போல" என்றான் சிவராஜ்.

பவளம் படத்தைப் பெரிதாக்கினார். "உங்க வீட்டுக்காரரு கையெழுத்தா இது?"

"இல்லம்மா. அவரு தளி பக்கம் கன்னட ஸ்கூல்ல படிச்சவரு. மரத்துல அளவு குறிச்சாக்கூட கன்னட எண்ணுலதான் குறிப்பாரு. அந்தப் பென்சில் வட்டம் வேணா அவரு போட்டதா இருக்கும்."

"ஏழு போட்டிருக்கதப் பாரு சிவராஜு. இடுப்புல ஒரு கோடு போட்டிருக்கு. நம்ம ஊர்ல யாரு இப்படி எழுதுவாவ? வெள்ளைக்காரங்க டிராயிங்கோட பழகின கை இது. அப்புறம், இது பூஜ்யமே இல்ல. விட்டத்தோட குறி. டிராயிங்ல குழாயோ துளையோ வந்தா எண்ணுக்கு முன்னால இப்படித்தான் போடணும். இருபத்திரண்டு வருஷம் இதப் பாத்துப் பாத்துத்தான் என் கண்ணாடி இவ்வளவு தடிச்சிருக்கு."

"அப்போ ஐநூத்தம்பது மில்லிமீட்டர்ல ஆறு குழாயா? ஓசூர்ல அவ்வளவு பெரிய குழாயப் பாத்தா, தண்ணி வரப்போவுதுன்னு ஜனங்க நம்பிடுவாங்கக்கா."

பவளம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். தன் போனில் அந்த மூன்று அளவுகளையும் சேர்த்துத் தட்டினார். கீழே கம்ப்ரசர் ஓடி அடங்குவதற்குள் விடை வந்துவிட்டது. போனைத் திருப்பிக் காட்டினார். பழைய புகைப்படம். ஊசிபோல் நீண்ட, சாம்பல் நிறக் கப்பல். நடுவில் மூன்று புகைபோக்கிகள்.

"நாசகாரிக் கப்பல். ரெண்டு உலகப் போருக்கும் நடுவில பிரெஞ்சுக்காரன் கட்டினது. லாத்ருவான்னு வகை. நூத்தி முப்பது மில்லி பீரங்கி நாலு. விமானத்தச் சுட முப்பத்தேழு மில்லி ரெண்டு. டார்பிடோ விடுற ஐநூத்தம்பது மில்லி குழாய் ஆறு. நீளம் நூத்தியேழு மீட்டர், அகலம் பத்துக்குத் துளி கம்மி. எல்லாம் இந்தச் சீட்டுல அப்படியே இருக்கு."

சிவராஜ் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். கம்பெனி பஸ் ஒன்றும், தக்காளி ஏற்றிய டெம்போவும் யார் முதலில் போவது என்று முட்டிக்கொண்டு நின்றன. "இங்கருந்து கடல் முந்நூறு கிலோமீட்டர்க்கா. பிரெஞ்சுக்காரன் தப்பான பஸ்ல ஏறிட்டானா?"

"அவரு எங்க வேலை பாத்தாரும்மா?" என்றார் பவளம்.

"சிட்கோ தொழிற்பேட்டையில ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனி. பெட்டி செய்யறன்னு சொன்னாரு. உள்ள நடக்கறத வெளிய சொல்லமாட்டன்னு கையெழுத்து வேற வாங்கிக்கிட்டாங்களாம்."

"பெட்டிக்கு நாலு பக்கம், ஒரு அடி, ஒரு மூடி. இதுல மறைக்க என்ன இருக்கு?" என்றபடி சிவராஜ் கார் சாவியை எடுத்துவிட்டான்.

கம்பெனியின் பெயர் ராஜ் நாட்டிகல் ஆர்ட்ஸ். வாசலில் ஒரு நங்கூரத்தை வெள்ளையடித்து நட்டு, சுற்றிலும் செவ்வந்திச் செடி வைத்திருந்தார்கள். ஓசூரில் நங்கூரம் போட்டால் எது நிற்கும் என்று யோசித்தபடி சிவராஜ் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான். பக்கத்திலேயே ஊழியர்களின் பதிவேடு திறந்து கிடந்தது. அதில் அவன் கண் நின்ற இடத்தில் நேரம் எட்டு ஐம்பத்தேழு என்றிருந்தது. ஏழின் இடுப்பில் ஒரு கோடு. பெயர் சுவாதி, டிசைன் பிரிவு. பவளத்தின் முழங்கையை மெல்ல இடித்துக் காட்டினான். அவர் பார்த்தும் பார்க்காததுபோல உள்ளே நடந்தார்.

முதலாளி ராஜ்குமாருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். மடிப்புக் கலையாத சட்டை, அதைவிட மடிப்புக் கலையாத துக்கம். கங்கப்பனின் மனைவி அனுப்பி வந்திருக்கிறோம் என்றதும் அந்தத் துக்கத்தை எடுத்து முகத்தில் போட்டுக்கொண்டார்.

"ரொம்ப வருத்தமான விஷயம் மேடம். நல்ல தொழிலாளி. கம்பெனி அவங்க குடும்பத்தோட நிக்கும்."

"எந்தப் பக்கம் சார்? ஒம்பது நாளா அவங்க தேடறாங்களாம்" என்றான் சிவராஜ்.

ராஜ்குமார் அதைக் கேட்காதவர்போல அவர்களைக் காட்சி அறைக்குள் அழைத்துப் போனார். நடுவில், வெல்வெட் போர்த்திய இரண்டு மரத் தாங்கிகளின் மேல், இரண்டு மீட்டருக்கும் அதிகமான நீளத்தில் அந்தக் கப்பல் நின்றது. ஐம்பதில் ஒரு பங்கு அளவில் செய்த மாதிரி. சிவராஜ் கிட்டே போய்க் குனிந்து பார்த்தான். முன்னால் ஒன்றின் தலைக்கு மேல் ஒன்று எட்டிப் பார்ப்பதுபோல் இரண்டு பீரங்கிகள், பின்னால் அதேபோல் இரண்டு. புகைபோக்கிகளுக்குப் பின்னால் மும்மூன்றாகக் கட்டிய டார்பிடோ குழாய்கள். கைப்பிடிக் கம்பிகள் தலைமுடி கனத்தில் இருந்தன.

"வெளிநாட்டு ஆர்டர். அந்த வகையில பதினாலு கப்பல் கட்டினாங்க. எங்களுக்குப் பன்னெண்டு ஆர்டர்" என்றார் ராஜ்குமார். "ஒரு குண்டு முப்பத்தஞ்சு கிலோ மேடம். அதக் கையால தூக்கிப் போட்டு, நிமிஷத்துக்கு அஞ்சாறு தடவ சுடுவாங்க."

"எங்க வார்டு குழாய்ல தண்ணி சொட்டறதே அதவிட வேகம் சார்."

பவளம் ஒவ்வொன்றாக எண்ணினார். பீரங்கி நாலு, சின்னத் துப்பாக்கி இரண்டு, குழாய் ஆறு, புகைபோக்கி மூன்று. கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து நீளமும் அகலமும் பார்த்தார். இருநூற்றுப் பதினாலு சென்டிமீட்டர், இருபது சென்டிமீட்டர். எல்லாம் சுத்தம். சீட்டில் இருந்தது கப்பலில் இருந்தது. சிவராஜுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. கங்கப்பன் தான் செய்த கப்பலின் அளவைச் சட்டைப்பையில் வைத்திருந்தார், அவ்வளவுதானே.

"எப்ப செஞ்சது சார்?" என்று கேட்டார் பவளம்.

"இதுதான் முதல் சாம்பிள். எட்டு மாசமா இங்கயே நிக்குது."

பவளம் திரும்பும்போது கால் இடறியதுபோல் தடுமாறிக் கப்பலின் பக்கவாட்டில் கையை ஊன்றி நிமிர்ந்தார். மன்னிக்கணும் என்றார். தூத்துக்குடித் துறைமுகத்தில் ஆடும் படகுகளில் ஏறி இறங்கி வளர்ந்தவர் சமதரையில் தடுமாறியதை சிவராஜ் குறித்துக்கொண்டான்.

"கங்கப்பன் இதோட அளவப் பத்தி உங்ககிட்ட ஏதாவது பேசினாரா?"

"எங்கிட்டயா? அவர் முகமே எனக்குச் சரியா ஞாபகம் இல்ல மேடம். அளவு தப்புன்னு எங்கிட்ட யாரும் எப்பவும் சொன்னதில்ல."

"தப்புன்னு நான் சொல்லலையே. அளவப் பத்தின்னுதான் கேட்டேன்."

ராஜ்குமார் சிரித்தார். சிரிப்புக்குக் கொஞ்சம் மடிப்பு விழுந்திருந்தது.

வெளியே முற்றத்தில் ஒரு பிக்கப் வண்டியில் நீளமான பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெட்டிக்கு நான்கு பேர். நான்கு பேருக்கும் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. பெட்டியின் மேல் 'மென்மரம், உடையும் பொருள்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த பெண் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பவளம் அருகே போய், "சுவாதியா?" என்று கேட்டபடி தன் விசிட்டிங் கார்டை மேஜையில் வைத்தார்.

"கங்கப்பன் அண்ணன் விஷயமாவா?" என்றாள் அவள் மெல்ல. பின்னால் ராஜ்குமாரின் காலடி கேட்டதும் கார்டைக் கீபோர்டுக்கு அடியில் தள்ளிவிட்டுத் திரையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

காரில் ஏறியதும் பவளம் வலது கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கையில் சாம்பல் நிறப் பெயின்ட் லேசாகப் பிசுபிசுத்தது.

"எட்டு மாசமா காயாத பெயின்ட்" என்றார்.

"நம்ம கவுன்சிலர் வாக்குறுதி அஞ்சு வருஷமாக் காயலக்கா."

"தாங்கியப் பாத்தியா?"

"பாத்தன். கப்பலுக்கும் தாங்கிக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் ஸ்பாஞ்ச் அடைச்சிருந்தாங்க. அண்ணன் சட்டையத் தம்பிக்குப் போட்டு ஊக்கு குத்தின மாதிரி."

"அதான். அந்தத் தாங்கி இந்தக் கப்பலுக்குச் செஞ்சது இல்ல. இதப்போல ஒண்ணரை மடங்கு அகலமான கப்பல் ஒண்ணு அதுல உக்காந்திருந்திருக்கு. பெட்டியப் பாத்தியா? எல்லாம் அந்தத் தாங்கியோட அகலம். நாசகாரிக் கப்பல் வேகத்துக்காகக் கட்டினது சிவராஜு. நீளம் அகலத்தப்போல பத்து, பதினோரு மடங்கு இருக்கும். பீரங்கி, குழாய், கம்பி எல்லாம் முடியளவு தப்பாமச் செய்யுத கம்பெனி, அதுக்குத் தொப்பை மட்டும் வச்சு அனுப்புதுன்னா, அந்தத் தொப்பை அவங்களுக்கு வேணும்னு அர்த்தம்."

"தொப்பைக்குள்ள என்னக்கா கடத்தறாங்க?"

பவளம் போனை எடுத்து வனத்துறையில் தனக்குத் தெரிந்த ரேஞ்சர் அம்மாவை அழைத்தார். போர்க்கப்பலுக்கும் வனத்துறைக்கும் என்ன உறவு என்று சிவராஜுக்குப் புரியவில்லை. புரியாததைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க வண்டியைக் கிளப்பினான். பிக்கப் அவர்களைத் தாண்டிப் பெங்களூரு சாலைக்கு ஏறியது.

சினிமாவில் இந்த இடத்தில் துரத்தல் நடக்கும். கர்நாடக எல்லையான ஜூஜுவாடியில் நடந்தது வேறு. அத்திப்பள்ளி டோல் வரைக்கும் வண்டிகள் ஒட்டுப்போட்டதுபோல் நின்றன. பிக்கப் நாற்பது அடி முன்னால். இருபது நிமிடத்தில் இரண்டு தரப்பும் சேர்ந்து கடந்த தூரம் ஒரு பேக்கரியும் பாதி பெட்ரோல் பங்க்கும். வெள்ளரிப் பிஞ்சு விற்கிற அம்மாள் குற்றவாளிகளிடமும் துப்பறிவாளர்களிடமும் பாரபட்சமில்லாமல் விற்றுக்கொண்டு போனாள்.

"இறங்கி நடந்தா அவனுங்களத் தாண்டிப் போய் பெங்களூர்ல காத்திருக்கலாம்" என்ற சிவராஜ், சும்மா இருக்க முடியாமல் இறங்கி, வெள்ளரி வாங்கும் சாக்கில் பிக்கப்பைச் சுற்றி வந்தான். திரும்பி வந்தபோது அவன் முகம் மாறியிருந்தது.

"அக்கா, வண்டி ஏழு வருஷப் பழசு. வலது ஹெட்லைட் கண்ணாடி மஞ்ச பாஞ்சு கெடக்கு. இடதுபக்கம் மட்டும் பச்சப்புள்ள கண்ணு மாதிரி புதுசு. இடது ஓரமும் தட்டி நிமுத்திப் புதுசா பெயின்ட் அடிச்சிருக்கு. ரோட்டோரம் நின்னவர அடிச்சா இடதுபக்கம்தான் வாங்கும்."

பவளம் முன்னால் குனிந்து பிக்கப்பை உற்றுப் பார்த்தார். "இத நான் பாத்திருக்கணும்" என்றார் பிறகு. அவர் வாயிலிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது என்று சிவராஜுக்குத் தெரியும்.

ரேஞ்சர் அம்மா எதிர்ப்பக்கச் சாலையில் ஜீப்பில் வந்தார். கூடவே மூன்று காவலர்கள். பிக்கப்பை ஓரத்திலிருந்த லாரி வாட்டர் சர்வீஸ் வளாகத்துக்குள் திருப்பினார்கள். டிரைவர் யாருக்கோ போன் போட்டான். கால் மணி நேரத்தில், சர்வீஸ் சாலையில் எதிர்த்திசையில் ஓட்டிக்கொண்டு, ராஜ்குமாரின் கார் வந்து நின்றது. ஒரு கை நிறையக் காகிதங்கள். பின் இருக்கையிலிருந்து சுவாதியும் இறங்கினாள்.

"எல்லாப் பேப்பரும் கிளியர் மேடம். இவங்க எங்க சீனியர் டிசைனர். ஜெர்மன்காரன் கம்பெனியில ரெண்டு வருஷம் டிரெயினிங் எடுத்தவங்க. டெக்னிக்கலா என்ன சந்தேகம்னாலும் கேளுங்க" என்றார் ராஜ்குமார்.

ரேஞ்சர் ஒரு பெட்டியைத் திறக்கச் சொன்னார். காவலர்களும் கிளீனர்களும் சேர்ந்து கப்பலை வெளியே எடுத்து வைத்தார்கள். அதே பீரங்கிகள், அதே குழாய்கள், அதே மூன்று புகைபோக்கிகள். ஆனால் இடுப்பைச் சுற்றி நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்திருந்தது. பவளம் டேப்பை வைத்தார். முப்பது சென்டிமீட்டர்.

"போருக்குப் போறதாத் தெரியலயே. கல்யாணப் பந்தியில மூணாவது தடவ உக்காந்துட்டு வர்ற மாதிரி இருக்கு" என்றான் சிவராஜ்.

ராஜ்குமார் அசரவில்லை. "இது வேற வகை மேடம். பிரெஞ்சுக்காரங்க ரெண்டு சைஸ்ல கட்டினாங்க. காட்சி அறையில இருக்கறது சின்னது. இது பெருசு. அதனால அகலம். சந்தேகம்னா இவங்களையே கேளுங்க. சொல்லுங்க சுவாதி."

சுவாதி கப்பலைப் பார்த்தாள். இதுவரை அவள் செய்த பீரங்கிகளையும் குழாய்களையும் தனித்தனியாகத்தான் கொடுத்திருந்தாள் போலிருக்கிறது. காட்சி அறைக்குள்ளும் அவளை விட்டிருக்க மாட்டார்கள்; அவை போய் ஒட்டிய உடம்பை முழுதாக இப்போதுதான் பார்க்கிறாள். முதலாளி காத்திருந்தார். தலையை ஆட்டினால் போதும், அவருடைய வேலை முடிந்துவிடும்.

"இல்ல சார்" என்றாள் அவள். "பெரிய வகைன்னா அஞ்சு பீரங்கி. அதுவும் நூத்தி முப்பது இல்ல, நூத்தி முப்பத்தெட்டுப் புள்ளி ஆறு. அஞ்சாவது பீரங்கி புகைபோக்கிக்குப் பின்னால தனியா நிக்கும். புகைபோக்கி நாலு. இதுல பீரங்கி நாலு, புகைபோக்கி மூணு. இது சின்ன வகைதான். அப்படியே பெருசா இருந்தாக்கூட நீளம் நூத்தி முப்பது மீட்டர், அகலம் பன்னெண்டுகூடக் கிடையாது. அந்தக் காலத்துல இவ்வளவு அகலமா எந்த நாசகாரியும் இல்ல சார்."

பொய் சொல்லத் தெரியாத ஆளைச் சாட்சிக்கு அழைத்து வந்துவிட்டோம் என்று ராஜ்குமாருக்கு அப்போதுதான் உறைத்தது. சிலருக்குத் தவறான எண்ணைக் கேட்டால் காதே வலிக்கும். சுவாதி அந்த ஜாதி.

"கப்பல்னா மிதக்கணும், இல்லயா?" என்றார் பவளம்.

லாரி கழுவுகிற இடத்தில் பெரிய சிமென்ட் தொட்டி இருந்தது. கப்பலைத் தூக்கி அதில் இறக்கினார்கள். கைகளை எடுத்த மறுகணம், ஒரு குண்டுகூடச் சுடாமல், பிரெஞ்சுக் கடற்படையின் மானத்தையும் சேர்த்துக்கொண்டு அது நேராக அடிக்குப் போய்ப் படுத்தது. நாலு குமிழி மட்டும் மேலே வந்தன.

"பித்தளை வேலைப்பாடு மேடம். அந்தக் கனம்" என்றார் ராஜ்குமார்.

"இருக்கலாம்" என்ற பவளம் ரேஞ்சரைப் பார்த்தார். ரேஞ்சர் இன்னொரு பெட்டியைத் திறக்கச் சொல்லி, கப்பலின் அடியில் உளியை வைத்துத் தட்டினார். சாம்பல் பெயின்டுக்கு அடியிலிருந்து ஒரு சிராய் தெறித்தது. புதிதாக அறுபட்டதுபோல் அடர்ந்த சிவப்பு. பித்தளை எதுவும் ஒட்டாத அந்தச் சின்னச் சிராயைத் தொட்டியில் போட்டார். அதுவும் கல்லைப்போல உள்ளே போயிற்று.

"செம்மரம்" என்றார் ரேஞ்சர். "தண்ணியில மிதக்காத மரம். முழுசும் இதானா?"

சிவராஜுக்கு இப்போதுதான் எல்லாம் பிடிபட்டது. தொப்பைக்குள் எதையும் கடத்தவில்லை. தொப்பையையே கடத்தினார்கள். ஒல்லியாகச் செய்தால் மரம் குறைச்சல். அதற்காகத் தொண்ணூறு வருடத்துக்கும் மேலான போர்க்கப்பலுக்குச் சோறு போட்டு வளர்த்திருக்கிறார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது மேடம்" என்றார் ராஜ்குமார். "மரம் சப்ளையர் குடுத்தது. செதுக்கினது அந்த ஆளு. செத்துப்போன ஆளு. அவர்தான் மாத்தியிருக்கணும்."

"சரி" என்றார் பவளம். "அகலம் தப்புன்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது?"

"தெரியாது."

"அப்ப, காட்சி அறையில பெயின்ட் காயாத ஒல்லிக் கப்பல எதுக்கு அவசரமாச் செஞ்சு வச்சீங்க? பழைய தாங்கிக்கு ஸ்பாஞ்ச் அடைச்சு? கங்கப்பன் இருக்க வரைக்கும் அங்க குண்டுக் கப்பல்தான் இருந்திருக்கு. அவரு போனதும் அளவு சரியாயிட்டுது. புகார் என்னன்னு தெரிஞ்சவருதான சார் அதச் சரி பண்ண முடியும்? அந்த வண்டியோட இடது ஹெட்லைட்டும் அதே சமயத்துலதான் புதுசாயிருக்கு. அதப் போலீஸ் கேக்கும்."

ராஜ்குமார் வக்கீலுடன்தான் பேசுவேன் என்றார். பிக்கப் டிரைவர் அப்படிச் சொல்லவில்லை. சார் சொல்லித்தான், சார் சொல்லித்தான் என்று இரண்டு முறை சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். ரேஞ்சர் காவல் நிலையத்துக்குப் போன் போட்டார்.

சிவராஜ் உற்சாகமாகத் திரும்பினான். கடலில்லாத ஊரில் கப்பல் மூழ்கியதைப் பற்றி ஒரு வாக்கியம் அவன் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தொட்டிக் கரையைப் பிடித்துக்கொண்டு நின்ற சுவாதியைப் பார்த்ததும் அது உள்ளேயே நின்றுவிட்டது.

"அண்ணன் கண்டுபிடிச்சது சாருக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு நீங்க கேக்கவே இல்லயே மேடம்" என்றாள் அவள் பவளத்திடம்.

"கேக்க வேண்டாம்னு நெனச்சேன்மா."

"கங்கப்பன் அண்ணன் எங்கிட்டதான் வந்தாரு. தான் செதுக்கற கப்பல் பெரிய வகையா சின்ன வகையா, அகலம் எவ்வளவு இருக்கணும்னு கேட்டாரு. அகலத்த மட்டும் சொன்னாப் போதும். நான் பீரங்கியிலருந்து ஆரம்பிச்சு நாலு வரி எழுதிக் குடுத்தன். எனக்கு அப்படித்தான் வரும். அப்ப நம்ம கப்பல் ரொம்பத் தடிமன் மேடம்னாரு, மரத்தப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. என்ன மாட்டிவிடக் கூடாதுன்னு இருந்திருப்பாரு." அவள் குரல் சன்னமாயிற்று. "மறுநாள் நானேதான் சார் ரூமுக்குப் போனன். நம்ம கார்பென்டருக்குக் கண்ணு ரொம்ப ஷார்ப் சார், கப்பல் தடிமனா இருக்கறதக் கண்டுபிடிச்சிட்டாரு, இவர மாதிரி ஆளுக்குச் சம்பளம் ஏத்திக் குடுக்கணும்னு சொன்னன். சார் சிரிச்சாரு. பாக்கலாம்னாரு. அன்னிக்குச் சாயங்காலம்தான் மேடம்."

நெடுஞ்சாலையில் வண்டிகள் நகர ஆரம்பித்திருந்தன. யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள்.

"நீ உண்மையச் சொன்ன. அதக் கேட்டுட்டுக் கொல்லப் போனது அவன்" என்றார் பவளம்.

"அண்ணன் வீடு எங்க இருக்கு?" என்றாள் சுவாதி.

"கெலமங்கலம் தாண்டி" என்றான் சிவராஜ்.

"அவர் சூதாடலன்னு நான்தான் சொல்லணும். மீதியும் நான்தான் சொல்லணும்."

சுவாதி பின் இருக்கையில் ஏறிக்கொள்ள, கார் கெலமங்கலம் பக்கம் திரும்பியது. சிவராஜ் இரண்டு முறை வாயைத் திறந்து, இரண்டு முறையும் கியரை மாற்றுவதோடு நிறுத்திக்கொண்டான்.

காவேரி வாசலில் ராகியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்துவிட்டு, நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள். சுவாதி எதையும் குறைக்கவில்லை. தான் எழுதிய சீட்டு, தான் போய்ச் சொன்னது, முதலாளி சிரித்தது, அன்று மாலை. சொல்லி முடித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கெட்ட வார்த்தையோ அடியோ எது வந்தாலும் நடுவில் போய் நிற்பதா வேண்டாமா என்று சிவராஜ் தவித்தான்.

காவேரி ஒரு அடி முன்னால் வந்து அவள் எதிரே நின்றாள்.

"அந்த ஆள்கிட்ட என் வூட்டுக்காரரப் பத்தி என்ன சொன்னன்னு சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க."

"கண்ணு ரொம்ப ஷார்ப்புன்னு. மத்தவங்க கண்ணுக்குத் தெரியாதது அவருக்குத் தெரிஞ்சிடுச்சுன்னு."

காவேரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டாள். "தர்ஷினி, வெளிய வா. உங்கப்பாவப் பத்திச் சொல்றாங்க, வந்து கேளு."

உள்ளே இருட்டில் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது.